ஒரு பெயருக்கு எத்தனை பேர்?

அபிதான சிந்தாமணி தந்த சிங்காரவேலு முதலியாரின் கதை

சென்னையிலிருந்து மேற்கே போகும் ரயில் அம்பத்தூரைத் தாண்டியதும் திருமுல்லைவாயிலில் நிற்கிறது. அதற்கு அப்பால் ஆவடி. திருமுல்லைவாயிலில் மாசிலாமணி ஈசுவரர் கோயில் இருக்கிறது. தொண்டைமான் அரசன் ஒருவனுடைய யானையின் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொண்டதாம். அவன் வாளால் கொடியை வெட்டினானாம். வாள் பட்ட இடத்தில் சிவலிங்கம் தோன்றியதாம். சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஊரைப் பாடியிருக்கிறார்.

சீர்காழிக்குக் கிழக்கே, கடற்கரை ஓரத்தில், இன்னொரு திருமுல்லைவாயில் இருக்கிறது. அங்கேயும் முல்லைக் கொடி. அங்கேயும் ஓர் அரசன். அங்கேயும் வாள். அந்த ஊரைப் பாடியவர் திருஞானசம்பந்தர்.

ஊர்ப் பெயர் ஒன்று. கதையும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் ஊர்கள் இரண்டு. அதனால்தான் பெரியவர்கள் ஒன்றை வட திருமுல்லைவாயில் என்றும், மற்றதைத் தென் திருமுல்லைவாயில் என்றும் பிரித்துச் சொன்னார்கள். அப்படிப் பிரித்துச் சொல்லாவிட்டால், சுந்தரர் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சீர்காழிப் பக்கம் தேட வேண்டியதுதான்!

இரண்டு ஊருக்கே இவ்வளவு குழப்பம் என்றால், ஆயிரக்கணக்கான பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரும் எத்தனை பேரைக் குறிக்கிறது என்று பிரித்து எழுத உட்கார்ந்தவரின் பாடு எப்படி இருந்திருக்கும்? அந்த வேலைக்குத் தன் வாழ்நாளில் நாற்பது ஆண்டுகளைக் கொடுத்தவர் ஒரு தமிழாசிரியர். அவர் பெயர் ஆ. சிங்காரவேலு முதலியார்.

பட்டணத்துத் தமிழாசிரியர்

சிங்காரவேலு முதலியார் 1855-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னைப் பட்டணத்தில், பச்சையப்ப முதலியாரின் அறப்பணத்தில் நடந்த கல்வி நிலையத்தில், தமிழாசிரியராக வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் தமிழாசிரியருக்குக் கிடைத்த சம்பளம் அதிகமில்லை. வகுப்பில் பாடம் சொல்வதும், மாணவர் கேட்கும் சந்தேகங்களைத் தீர்ப்பதும் அவர் தொழில்.

தமிழ்ப் பாட்டு ஒன்றைப் படித்தால் அதில் பத்துப் பெயர்கள் வரும். ஒருவர் முனிவர், ஒருவர் அரசர், ஒன்று மலை, ஒன்று நதி. அந்தப் பெயர்களின் கதை தெரியாவிட்டால் பாட்டு விளங்காது. கதையைத் தெரிந்துகொள்ளப் புராணங்களைப் புரட்ட வேண்டும். புராணங்களோ பதினெட்டு. அவற்றோடு இராமாயணம், பாரதம், ஊர்தோறும் தலபுராணம்! ஏழை மாணவன் இவற்றையெல்லாம் எங்கே தேடுவான்?

ஆங்கிலம் படித்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 1768-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிரிட்டானிக்கா என்ற பெரிய நூல் வெளிவரத் தொடங்கிவிட்டது. எந்தப் பெயர் வேண்டுமோ அதை எழுத்து வரிசையில் பார்த்துவிடலாம். தமிழில் அப்படி ஒரு நூல் இல்லை.

1890-ஆம் ஆண்டு வாக்கில் முதலியார் அந்த வேலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 35. முதலில் புராணங்களில் வரும் பெயர்களை மட்டும் தொகுக்கத்தான் எண்ணினார். புராண நாமாவலி என்பதுதான் அவர் மனத்தில் இருந்த பெயர். ஆனால் வேலை வளர்ந்தது. புராணத்தில் தொடங்கியவர் தமிழ்ப் புலவர்கள், அரசர்கள், ஊர்கள், கோயில்கள், விரதங்கள், மருந்துகள், மரங்கள், விலங்குகள், தொழில்கள், இலக்கணம் என்று போய்க்கொண்டே இருந்தார்.

அகராதி வேறு, இது வேறு

தமிழில் சொற்களுக்குப் பொருள் சொல்லும் நூல்கள் பழங்காலத்திலிருந்தே உண்டு. அவற்றுக்கு நிகண்டு என்று பெயர். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்பவை புகழ்பெற்றவை. சூடாமணி நிகண்டின் பதினோராம் பகுதி, ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருப்பதைச் சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள். ஆனால் அதில் சொற்கள் எதுகை வரிசையில் இருக்கும். மனப்பாடம் செய்யாதவன் அதில் ஒரு சொல்லைத் தேடி எடுப்பது கடினம். 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். அதில் சொற்களை எழுத்து வரிசையில் தேடலாம்.

ஆனால் அகராதி செய்யும் வேலை ஒன்று. முதலியார் செய்ய எண்ணிய வேலை மற்றொன்று.

அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. திருவலிதாயம் என்று சம்பந்தர் பாடிய தலம் அது. பாடி என்ற சொல்லை அகராதியில் பார்த்தால் ஊர் என்று இருக்கும். படை தங்கும் இடம் என்றும், இடையர் வாழும் சேரி என்றும் இருக்கும். பாட்டுப் பாடிவிட்டு என்றும் அதற்குப் பொருள் உண்டு. இவை எல்லாம் அகராதிக்கு வேண்டியவை. பெயர்களின் வரலாற்றைச் சொல்லும் நூலுக்கோ திருவலிதாயத் தலம் ஒன்றே போதும். மற்றவை சொல்லின் பொருள்கள். அவற்றுக்குச் சொல்ல ஒரு வரலாறு இல்லை.

இது எளிதான உதாரணம். எல்லாச் சொல்லும் இப்படி எளிதாக அடங்கிவிடாது.

பூந்தமல்லி வழியாக மேற்கே போகும் நெடுஞ்சாலை காஞ்சிபுரத்துக்குப் போகிறது. காஞ்சி என்றால் எல்லாரும் அந்த நகரத்தைத்தான் நினைப்பார்கள். ஆனால் காஞ்சி என்பது ஒரு மரத்தின் பெயர். பெண்கள் இடுப்பில் அணியும் ஓர் அணியின் பெயரும் அதுதான். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பேரூரை ஒட்டி ஓடும் நொய்யலாற்றுக்கும் காஞ்சி நதி என்று பெயர். தமிழ் இலக்கணத்தில் காஞ்சித்திணை என்று ஒன்று இருக்கிறது. அதிலும் தொல்காப்பியம் ஒரு விதமாகச் சொல்கிறது. புறப்பொருள் வெண்பாமாலை வேறு விதமாகச் சொல்கிறது. முன்னதில் அது உலக வாழ்வு நிலையாதது என்று உணர்த்துவது. பின்னதில் பகைவன் படையெடுத்து வரும்போது நாட்டைக் காப்பது.

இவற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது? நகரத்தை விட முடியாது. திணையை விட்டால் தமிழ் படிப்பவன் திண்டாடுவான். நதியை விட்டால் பேரூர்த் தலபுராணம் படிப்பவன் காஞ்சிபுரத்தில் போய் நதியைத் தேடுவான். இடுப்பில் அணியும் அணியை அகராதிக்கு விட்டுவிடலாம். மரத்தை என்ன செய்வது? அது வெறும் மரமா, அல்லது அதற்கும் ஒரு கதை உண்டா? ஒரு சொல்லுக்கே இத்தனை யோசனை. எல்லாவற்றையும் சேர்த்தால் நூல் வீங்கிவிடும். அச்சிட ஆள் கிடைக்காது. வேண்டியதை விட்டுவிட்டால் படிப்பவன் தவறான இடத்தில் போய் நிற்பான்.

நாலு பரதர், பல நம்பிகள்

ஊரும் மரமும் போகட்டும். மனிதர்களின் பெயர்கள் இன்னும் பெரிய தொல்லை.

பரதன் யார் என்று கேட்டால் இராமன் தம்பி என்று குழந்தையும் சொல்லும். ஆனால் சகுந்தலையின் மகனும் பரதன்தான். நாட்டிய நூல் செய்த முனிவரும் பரதர்தான். மானிடம் அன்பு வைத்து, மறுபிறவியில் மானாகவே பிறந்த சடபரதரும் ஒரு பரதர்தான். பாரத நாட்டுக்கு அந்தப் பெயர் எந்தப் பரதனால் வந்தது? பாரதக் கதை சகுந்தலையின் மகனைச் சொல்கிறது. பாகவதமோ சடபரதராகப் பின்னால் பிறந்த ரிஷபரின் மகனைச் சொல்கிறது. இந்த நால்வரையும் ஒருவராகக் கலந்துவிட்டால், ஒரு நாட்டின் பெயர்க் காரணமே கலங்கிவிடும்.

பூந்தமல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. அவர் காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டு செய்தவர். இராமானுசர் அவரைக் குருவாகப் போற்றினார். ஆனால் இராமானுசருடைய குருமார் வரிசையிலேயே பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமலை நம்பி என்று மேலும் மூன்று நம்பிகள் இருக்கிறார்கள். சைவத்தில் பார்த்தால், திருமுறைகளைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி. திருமுல்லைவாயிலைப் பாடிய சுந்தரருக்கும் நம்பியாரூரர் என்று பெயர். வெறும் நம்பி என்று ஒரு பாட்டில் வந்தால் எந்த நம்பி? பாட்டு எந்த நூலில் இருக்கிறது, எந்த ஊரைச் சொல்கிறது, எந்தத் தெய்வத்தைச் சொல்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலியார் வேலை செய்த அதே ஆண்டுகளில் பழந்தமிழ் நூல்கள் ஒவ்வொன்றாக ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்துகொண்டிருந்தன. உ. வே. சாமிநாதையர் 1892-ல் சிலப்பதிகாரத்தையும், 1894-ல் புறநானூற்றையும், 1898-ல் மணிமேகலையையும் பதிப்பித்தார். தமிழுக்கு அது பெரிய செல்வம். ஆனால் பெயர் தொகுப்பவருக்கு ஒவ்வொரு புதிய நூலும் ஒரு புதிய வேலை.

புறநானூற்றில் கிள்ளிவளவன் என்று சோழ அரசர் இருவர் வருகிறார்கள். இருவரையும் பிரித்துக் காட்ட ஒரே வழி, அவர்கள் இறந்த இடம். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் ஒருவன். குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் மற்றொருவன். துஞ்சிய என்றால் இறந்த என்று பொருள். நெடுஞ்செழியன் என்ற பாண்டியர்களையும் இப்படித்தான் பிரிக்க வேண்டும். ஆரியப் படையை வென்றவன் ஒருவன்; தலையாலங்கானத்தில் போர் வென்றவன் மற்றொருவன். பெயர் வைத்தவர்களே இந்த அடையாளத்தைச் சேர்த்து வைத்திராவிட்டால், இரண்டு அரசர்கள் ஒருவராகியிருப்பார்கள். ஒரு மனிதன் உலகத்தில் வாழ்ந்ததே மறைந்துபோயிருக்கும்.

ஔவையாருக்கு அப்படித்தான் நேர்ந்தது. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவர் ஓர் ஔவையார். குழந்தைகளுக்கு ஆத்திசூடி தந்தவர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இன்னொரு ஔவையார். மக்கள் இருவரையும் ஒருவராக்கி, நெல்லிக்கனி தின்றதால் அவர் ஆயிரம் ஆண்டு வாழ்ந்தார் என்று கதை கட்டினார்கள்.

எண் போட்டுப் பிரித்தார்

இந்தச் சிக்கலுக்கு முதலியார் கைக்கொண்ட வழி எளிமையானது. ஒரே பெயரில் பலர் வந்தால், அந்தப் பெயரின் கீழ் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுத் தனித்தனியே எழுதினார். இன்ன மன்னன் மகன், இன்ன முனிவர் மாணவர் என்று அடையாளம் காட்டினார். பல இடங்களில் இந்தச் செய்தி எந்த நூலில் இருக்கிறது என்பதையும் சுருக்கமாகக் குறித்தார்.

புராணங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுவது உண்டு. ஒரு நூலில் தந்தையாக வருபவர், இன்னொரு நூலில் பாட்டனாக வருவார். அத்தகைய இடங்களில் முதலியார் தாமாக ஒரு புதுக் கதை கட்டவில்லை. ஒவ்வொரு நூலும் சொல்வதை அதனதன் இடத்தில் வைத்தார். இது பெரிய அடக்கம். ஆனால் அதிலேயே ஒரு குறையும் இருக்கிறது. எது நடந்த செய்தி, எது கட்டுக்கதை என்று அவர் எப்போதும் பிரித்துச் சொல்வதில்லை. இன்று அந்த நூலைத் திறப்பவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

நூலுக்கு அபிதான சிந்தாமணி என்று பெயர் சூட்டினார். அபிதானம் என்றால் பெயர். சிந்தாமணி என்றால் நினைத்ததைத் தரும் தெய்வ மணி. சிந்தாமணி என்ற சொல்லுக்கும் ஒரே பொருள்தான் என்று எண்ணிவிடக் கூடாது! திருத்தக்கதேவர் பாடிய சீவகன் கதைக்கும் சிந்தாமணி என்றுதான் பெயர்.

பெட்டியில் கிடந்த நூல்

எழுதி முடித்தால் போதுமா? அச்சில் வர வேண்டுமே! ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் நூலை அச்சிடப் பெரும் பணம் வேண்டும். காகிதம், எழுத்துக் கோப்பு, அச்சுக் கூலி, கட்டுக் கூலி எல்லாவற்றையும் ஒரு பள்ளி வாத்தியார் எப்படித் தாங்குவார்?

முதலியார் செல்வர்களை நாடினார். தம் நூல் எப்படிப்பட்டது என்பதை விளக்கி உதவி கேட்டார். உதவுவார் கிடைக்கவில்லை.

இதற்கிடையே 1902-ல் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை என்ற அறிஞர் அபிதான கோசம் என்ற நூலை வெளியிட்டார். தமிழில் இந்த வகையில் முதலில் அச்சேறிய நூல் அதுதான். பன்னிரண்டு ஆண்டு உழைத்தவர் முன்னால் இன்னொருவர் நூல் வந்துவிட்டது! வேறொருவராக இருந்தால் எழுதியதை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருப்பார். முதலியார் நிறுத்தவில்லை. அவருடைய நூல் அதைவிடப் பலமடங்கு விரிந்தது. அதற்கும் நாட்டில் தேவை இருந்தது.

அப்போது துணை வந்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். இராமநாதபுரம் சேதுபதி மரபைச் சேர்ந்தவர். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவரே. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. முதலியாரின் உழைப்பைக் கண்ட தேவர், நூலை அச்சிடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

1910-ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக அபிதான சிந்தாமணி வெளிவந்தது. 1,050 பக்கம். முதலியாருக்கு வயது 55.

மறு ஆண்டே, 1911-ல், பாண்டித்துரைத் தேவர் காலமானார். அவருக்கு வயது 44-தான். அச்சு வேலை இரண்டு ஆண்டு தள்ளிப் போயிருந்தால் இந்த நூலின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. கறையான் தின்ற எத்தனையோ தமிழ்ச் சுவடிகளோடு அதுவும் சேர்ந்திருக்கலாம்.

அதே 1910, 1911-ஆம் ஆண்டுகளில் பிரிட்டானிக்காவின் பதினோராம் பதிப்பு வெளிவந்தது. அது 29 தொகுதி. அதில் எழுதியவர்கள் சுமார் 1,500 பேர். இங்கே ஆயிரம் பக்கத்துக்கும் பொறுப்பு ஒரே ஒரு தமிழாசிரியர்!

மறுபடியும் முதலிலிருந்து

நூல் வந்தது, பெயர் கிடைத்தது. இனி ஓய்வெடுக்கலாம் என்று முதலியார் எண்ணவில்லை. விட்டுப்போன பெயர்கள் எத்தனை, பிரிக்க வேண்டியவை எத்தனை என்பது மற்றவர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இரண்டாம் பதிப்புக்காக மறுபடியும் சேர்க்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இருபத்தோரு ஆண்டுகள். முதல் பதிப்புக்கு இருபது ஆண்டு, இரண்டாம் பதிப்புக்கு இருபத்தோரு ஆண்டு. 1931-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், 76-ஆவது வயதில், அவர் கண்ணை மூடினார். இரண்டாம் பதிப்பை அவர் பார்க்கவில்லை.

தந்தையின் வேலை பாதியில் நின்றுவிடாமல் மகனார் காத்தார். 1934-ல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. இப்போது பக்கங்கள் 1,634. முதல் பதிப்பைவிட 584 பக்கம் அதிகம். முதலியாரின் கடைசி இருபத்தோரு ஆண்டு உழைப்பு அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

பின்னால் வந்தவர்கள்

சொற்களின் பொருளைச் சொல்லும் வேலையைச் சென்னைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939-ல் அதற்கு ஓர் அனுபந்தமும் வந்தது. அதில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. பொருள்களின் வரலாற்றைச் சொல்லும் வேலையைத் தமிழ் வளர்ச்சிக் கழகம் செய்தது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-ல் வந்தது. பத்தாம் தொகுதி 1968-ல் வந்தது. அந்த இரண்டுக்கும் அறிஞர் குழு இருந்தது. நிதி இருந்தது. அலுவலகம் இருந்தது.

சிங்காரவேலு முதலியாருக்கு அவை ஒன்றும் இல்லை. பள்ளி வேலை, வீட்டுச் செலவு, அச்சிட ஆள் இல்லாத கவலை எல்லாவற்றுக்கும் நடுவே அவர் ஒவ்வொரு பெயராக எடுத்து, இது யார், இவர் ஒருவரா இருவரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் நூல் பின்னர் பலமுறை மறுபதிப்பாகியிருக்கிறது. நூலகங்களில் அதைக் காணலாம். பள்ளிப் பிள்ளை ஒருவன் பாட்டில் வந்த பெயரைக் காட்டி இவர் யார் என்று வீட்டில் கேட்டால், தெரிந்த கதையை உடனே சொல்லிவிட வேண்டாம். பாட்டு எந்த நூலில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு அபிதான சிந்தாமணியில் அந்தப் பெயரைத் தேடி எடுத்து, அதன் கீழே எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பிள்ளையையே எண்ணச் சொல்லலாம்.